வன்னிக்கு மாற்றலாகி வருகிறவர்களுக்கு

வேலை மாற்றலாகி இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக் கிராமங்களுக்கு வருகிற கிறிஸ்தவ உறவுகளே, கூகுள் வரைபடத்தில் கோயில் காட்டவில்லையென்று மனம் தளராதீர்கள். சந்திக் கடையில் கேளுங்கள். நான் கேட்டபோது, நெற்றி நிறையத் திருநீறோடு இருந்த கடைக்கார அம்மா வெளியே இறங்கி வந்து கை காட்டினார்: "குளக்கட்டால நேர போங்கோ தம்பி, அந்தோனியார் கோயில் வரும். இந்தக் கிழமை பூசை இல்லை, பாதர் அடுத்த கிழமைதான் வருவார்."

தகரக் கூரை, அரைச்சுவர், தரையில் பாய். ஒரு பங்குத்தந்தை பல கிராமங்களைப் பார்ப்பதால் எல்லா ஞாயிறும் திருப்பலி இராது. ஆனால் செபமாலை நிற்பதில்லை, கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பர் ஐயாவே தொடங்கிவிடுவார்.

இப்படி விசுவாசத்தைக் காப்பது இந்த மண்ணுக்குப் புதிதுமில்லை. 1670இல், கத்தோலிக்கரைத் துன்புறுத்திய ஒல்லாந்தருக்குத் தப்பி, மாந்தையிலிருந்து மாதா சுரூபத்தைக் காட்டுக்குள் கொண்டுவந்த குடும்பங்களால்தான் மடு மாதா திருத்தலம் உண்டானது. 2008இல் போர் நெருங்கியபோது அதே சுரூபம் தேவன்பிட்டிக்குப் போய், பிறகு மடுவுக்கே திரும்பியது. நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு நிறைகிறது.

மற்றச் சபையினருக்கு வீடுகளில் கூடும் செபக் கூட்டங்களும் உண்டு. அதையும் கடையிலேயே விசாரிக்கலாம். அப்புறம், செபம் முடிய யாராவது தேத்தண்ணிக்குக் கூப்பிடுவார்கள், கட்டாயம் போங்கள்.