கழுத்தில் இருந்தது அழுக்கு இல்லை

போன தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போதுதான் மகளின் பின்கழுத்தைக் கவனித்தேன். கறுப்பாக ஒரு பட்டை. வெயிலில் ஆடிச் சேர்ந்த அழுக்கு என்று நினைத்து, கடலை மாவு போட்டு பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன். "வலிக்குதும்மா" என்றாள். அடுத்த வாரமும் தேய்த்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது நாலு மாதம். 43 கிலோ. ஒரே வருஷத்தில் 9 கிலோ ஏறியிருந்தாள். மதுரையில் எங்கள் தெருவில் பார்ப்பவர்கள் எல்லாம், "சீக்கிரமே வயசுக்கு வந்துருவா போல" என்பார்கள். என் மாமியார், "எம் பேத்திய கண்ணு வைக்காதீங்க" என்று மிளகாய் சுற்றிப் போடுவார். எனக்கு இரு தரப்பு மேலும் எரிச்சல்.

முதலில் பார்த்த மருத்துவர் அவள் உயரத்தைக்கூட அளக்கவில்லை. "தைராய்டா இருக்கும்" என்று சொல்லி, பெரியவர்களுக்கு அச்சடித்த டயட் தாள் ஒன்றைக் கொடுத்தார். காலை, இரவு இரண்டு வேளையும் ஓட்ஸ். நான்காம் நாள் அவள் தலையணைக்கு அடியில் பிஸ்கட் உறை கிடைத்தது. தாளைக் கிழித்துப் போட்டேன்.

அப்புறம்தான் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் போனோம். அங்கே முதல் வேலையே உயரம்: 138 செ.மீ. "தைராய்டு மாதிரி ஹார்மோன் கோளாறுன்னா பெரும்பாலும் வளர்த்தி குறையும்மா. இவ வயசுக்கு மேல வளர்ந்திருக்கா" என்றார் டாக்டர். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. எண் 22.6. பெரியவர்களுக்கு அது கவலைப்படாத எண்தானே என்று கேட்டேன். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில் புள்ளி வைத்துக் காட்டினார். உடல் பருமன் என்று குறிக்கும் கோட்டுக்கு மேலே இருந்தது அது.

கழுத்தைக் காட்டினேன். "அழுக்கு இல்ல. இன்சுலின் சரியா வேலை செய்யாததால வர்ற கறுப்பு. தேய்க்காதீங்க." மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரையும் தைராய்டும் சரி. ரத்தத்தில் கல்லீரல் நொதியின் (என்சைம்) அளவு மட்டும் கொஞ்சம் கூடுதல். மார்பையும் தொட்டுப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு வெறும் கொழுப்புதான், பருவ வளர்ச்சி தொடங்கவில்லை என்றார். பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள் எப்போது தொடங்கினாலும் இயல்பு. தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருஷம் கழித்தே மாதவிடாய் வரும். எடை கூடிய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முந்தலாம். தெருவில் யாருக்கும் தெரியாத கணக்கு.

எடையைக் குறைக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ஏறாம பாத்துக்கங்க, உயரம் அதுபாட்டுக்குக் கூடும்" என்றார். வீட்டில் வாராவாரம் எடை பார்க்கவும் தடை. டயட் என்ற வார்த்தையே அவள் காதில் விழக் கூடாது. மாற்றம் வீட்டில் எல்லாருக்கும்.

பாலில் கலக்கும் பவுடரை நிறுத்தினோம். மாலை முட்டை பஃப்ஸுக்குப் பதிலாகச் சுண்டல். டி.வி. முன்னால் தோசை கிடையாது. எத்தனை சாப்பிட்டோம் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அதுதான் சிக்கல். ஏழு மணி வரை இழுத்த டியூஷனை வாரத்தில் மூன்று நாளாகக் குறைத்தேன். இதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை. மிச்ச நாட்களில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடை. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கரையெல்லாம் பஜ்ஜி வாசம் வேறு!

ஆறு மாதம் கழித்துப் போனபோது எடை 43.5. எனக்கு முகம் தொங்கிவிட்டது. டாக்டர் உயரத்தைப் பார்த்தார்: 141. பி.எம்.ஐ. 21.9-க்கு இறங்கியிருந்தது. கல்லீரல் நொதியின் அளவும் சரியாகியிருந்தது. கழுத்துப் பட்டை லேசாக வெளுத்திருக்கிறது, போகவில்லை.

இப்போது மாமியாரும் நடக்க வருகிறார். முந்தாநாள் இரண்டாவது சுற்றில் இருவரையும் காணவில்லை. தேடிப் போனால் பஜ்ஜிக் கடையில் நிற்கிறார்கள். "ஒண்ணுதாம்மா, அப்பத்தாவும் நானும் பாதிப் பாதி" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.