தோப்பு விக்கிரகத்தைத் தேடி எருசலேமில் ஒரு சனிக்கிழமை

யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை எருசலேமில் பெரும்பாலான பஸ்கள் ஓடாது. மறுநாள் காலையில் விமானம் என்பதால், இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்கு அன்றே போக வேண்டியதாயிற்று. தமஸ்கு வாசலில் பிடித்த டாக்சிக்காரர் மீட்டர் போடவே மாட்டேன் என்றார். 90 ஷெக்கல்! என் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு. இன்னும் ஆறவில்லை. போகிறவர்கள் ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

நான் போனது ஒரு சொல்லுக்காக. ஞாயிறு பள்ளியில் பைபிளின் ராஜாக்கள் புத்தகத்தில் 'தோப்பு விக்கிரகம்' என்று படிப்போம். யோசியா ராஜா அதை ஆலயத்திலிருந்து வெளியே கொண்டுபோய்க் கீதரோன் ஆற்றண்டையில் சுட்டெரித்தார். தோப்பு எப்படி விக்கிரகமாகும் என்று அம்மாவை நச்சரித்திருக்கிறேன். எபிரேயத்தில் அங்கே இருக்கும் சொல் அஷேரா. அந்த நாட்டில் பழங்காலத்தில் வாழ்ந்த கானானியரின் பெண் தெய்வம். அவளுக்காக நாட்டிய மரக்கம்பத்துக்கும் அதே பெயர்.

1975-76இல் எகிப்தின் சினாய்ப் பாலைவனத்தில் குன்தில்லத் அஜ்ருத் என்ற இடத்தைத் தோண்டிய தொல்லியலாளர் செயெவ் மெஷெல் குழுவுக்கு இரண்டு பெரிய தாழிகள் கிடைத்தன. சுமார் 2,800 ஆண்டுப் பழசு. அவற்றில் சிவப்பு, கறுப்பு மையில் ஓவியங்கள். ஒன்றில் இஸ்ரவேலரின் கடவுளை, சமாரியா நகரத்தின் யெகோவாவையும் 'அவருடைய அஷேரா'வையும் சொல்லி வாழ்த்து எழுதியிருக்கிறார்கள். கீழே நிற்கும் இரு உருவங்கள் அவர்களே என்கிறார்கள் சிலர். எனக்கு ஒப்பவில்லை. அந்த வளைந்த கால்களும் தலை இறகும் எகிப்தியக் குள்ளத் தெய்வம் பேஸுக்கே உரியவை. என் கண் போனது அதே தாழியின் மறுபக்கத்துக்குத்தான்: ஒரு மரம், இருபுறமும் இரண்டு வரையாடுகள், அடியில் சிங்கம். அந்த மரம்தான் அஷேராவின் அடையாளம் என்கிறார்கள் பலர்.

அந்தத் தாழிகள் 1994இல் எகிப்துக்குத் திரும்பிவிட்டன. நான் பார்த்தது தானாக் என்ற பழைய ஊரில் 1968இல் கிடைத்த, வழிபாட்டுக்கான சுடுமண் பீடத்தை. அரை மீட்டர் உயரம், நாலு அடுக்கு, தாழிகளைவிட ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. அதிலும் அதே மரம், அதே ஆடுகள், காவலுக்குச் சிங்கங்கள்! கீழடுக்கில் இரண்டு சிங்கங்களின் காதைப் பிடித்தபடி ஒரு பெண். அதற்கு மேலடுக்கில் நடுவே உருவமே இல்லை, வெறும் திறப்பு. கண்ணில் காட்ட முடியாத யெகோவாவுக்கான இடம் அதுதான் என்று சில அறிஞர்கள் சொல்வதை அங்கே நின்று பார்த்தபோது முழுதாக நம்பினேன். ஒரு மணி நேரம் நகரவில்லை. மற்ற கூடங்களை அரைகுறையாகத்தான் பார்த்தேன், வருத்தமில்லை.

திரும்பும்போது டாக்சியே வேண்டாமென்று நடந்தேன். பழைய நகரத்தில் ஹம்மஸ், சூடான ரொட்டி, ஊறுகாய். தட்டை வழித்துச் சாப்பிட்டேன், 25 ஷெக்கல்தான். அங்கிருந்தே பீடத்தின் படத்தை அம்மாவுக்கு அனுப்பி, "இதுதாம்மா தோப்பு" என்று எழுதினேன்.

"ஒத்தை மரம்தானே இருக்கு?" என்று பதில் வந்தது.