இருபத்தைந்து பவுண்டும் ஒரு சோப்புக்குமிழிப் பாட்டும்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். லண்டன் ஸ்டேடியத்தில் வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் ஆட்டம் முடிந்ததும், ஸ்ட்ராட்ஃபோர்ட் ரயில் நிலையத்துக்குப் போகிற கூட்டத்தை 'நில்', 'போ' என்று பலகை காட்டி விட்டுவிட்டு அனுப்புகிறார்கள். பொறுமையில்லாமல் ஒரு வாடகைக் காரில் ஏறினேன். ஈஸ்ட் ஹாம் நாலைந்து கிலோமீட்டர்தான். 25 பவுண்டு பிடுங்கிவிட்டான்! டிக்கெட்டுக்கு ஏற்கெனவே 70 அழுதிருந்தேன். ரூபாயில் கணக்குப் போடவே பயமாக இருந்தது.

ஆனால் அந்தப் பாட்டு! ஆட்டம் தொடங்குமுன் மெஷின்கள் சோப்புக்குமிழி ஊத, அரங்கமே எழுந்து 'ஐம் ஃபாரெவர் ப்ளோயிங் பபிள்ஸ்' பாடியது. வார்த்தை தெரியாமல் நானும் வாயசைத்தேன். கனவெல்லாம் குமிழிபோல உடைகிறது என்கிற பாட்டைப் போய் எவனாவது தன் அணிக்கு வைப்பானா? இவர்கள் வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து சீட்டுப் பெரியவர் கதை சொன்னார். 1920களில் முர்ரே என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் நன்றாக ஆடுவானாம். பியர்ஸ் சோப்பு விளம்பரத்தில் (ஆமாம், நம் வீட்டு பியர்ஸ்தான்) வந்த, மில்லே என்ற ஓவியர் வரைந்த சுருட்டைமுடிக் குழந்தை மாதிரியே இருந்ததால் 'பபிள்ஸ்' என்று பட்டப்பெயர். அவன் ஆடினால் தலைமையாசிரியர் பீல் இந்தப் பாட்டைப் பாடுவார். அவருடைய நண்பர் சார்லி பேன்டர் வெஸ்ட் ஹாமில் இருந்தார். பாட்டு அப்படியே மைதானத்துக்கு வந்துவிட்டதாம். நான் உருகிப்போனேன்.

ராத்திரி ஈஸ்ட் ஹாமில் கொத்து ரொட்டி. தட்டு கொள்ளாத அளவு, ஆட்டுக்கறி பஞ்சு, காரம் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. அன்று முழுக்க நான் கொடுத்த காசில் நியாயமானது அந்த 9 பவுண்டு மட்டும்தான். பெரியவர் கதையைச் சொன்னதும், எதிரே உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணன் சிரித்தார். "உதெல்லாம் சும்மா கதை தம்பி. ஸ்வான்சி ஆக்கள்தான் முதல்ல பாடினவை."

பாட்டு 1918இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் பிறந்தது. 1920களின் தொடக்கத்திலேயே வேல்ஸ் நாட்டு அணியான ஸ்வான்சியின் ரசிகர்கள் பாடியதற்குப் பத்திரிகைச் செய்தி உண்டு. வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் அப்போது பாடியதற்கு, பழைய பத்திரிகைகளைத் துழாவியவர்களுக்கு ஒன்றும் சிக்கவில்லை. 1922இல் எஃப்.ஏ. கோப்பை என்ற கால்பந்துப் போட்டியில் இரண்டு அணிகளும் மோதின. அங்கே தொற்றியிருக்கலாம் என்பது ஒரு கட்சி. முர்ரே வெஸ்ட் ஹாம் முதல் அணிக்கு ஆடியதே இல்லை. என் ஓட்டு ஸ்வான்சிக்கு. பெரியவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வெஸ்ட் ஹாமின் பழைய இடத்தைப் பார்க்க நினைப்பவர்களுக்குப் போகும் வழியையும் சொல்லிவிடுகிறேன். பழைய மைதானத்தை 2016இல் காலி செய்துவிட்டார்கள். இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அப்டன் பார்க் ஸ்டேஷனில் இறங்கி கிரீன் ஸ்ட்ரீட்டில் நடந்தால், பார்க்கிங் ரோடு (Barking Road) முனையில், 1966இல் உலகக்கோப்பை வென்ற இங்கிலாந்து கேப்டன் பாபி மூர் அந்தக் கோப்பையோடு சிலையாக நிற்கிறார். பார்க்கக் காசு கொடுக்க வேண்டாம். திரும்பும்போது பஸ்ஸில் வாருங்கள், நான் போனபோது 1.75 பவுண்டுதான்.