களைப்புக்கு இதயம் மட்டுமா காரணம்?

இதயச் செயலிழப்புள்ள, அதாவது உடலுக்குப் போதிய குருதியை வெளியேற்ற முடியாதபடி இதயம் தளர்ந்துபோன ஒருவர் "கிணற்றடிக்குப் போய்வரவே இளைக்குது" என்றால், அதை இதயநோயின் இயல்பென்றே வீட்டில் எடுத்துக்கொள்கிறோம். மட்டக்களப்பில் மருத்துவ ஆய்வுகூடமொன்றில் பணிபுரியும் எனக்கு, அந்த இளைப்பில் குருதிச்சோகைக்கும் பங்கிருக்கலாம் என்பதை எங்கள் மக்களுக்குச் சொல்லவேண்டும் என்ற விருப்பம் நெடுநாளாக உண்டு. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குருதிச்சோகையும், ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு இரும்புச்சத்துக் குறைபாடும் காணப்படுகின்றன.

குருதிச்சோகையில், குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் குறையும்போது, உடலுக்கு வேண்டிய ஒட்சிசனைக் கொண்டுசேர்க்க இதயம் விரைவாகவும் கூடுதலாகவும் குருதியை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. சிறுநீரகங்களோ உப்பையும் நீரையும் தேக்கி அதன் சுமையை மேலும் கூட்டுகின்றன. நலமான இதயம் இதைச் சிலகாலம் தாங்கும், ஏற்கெனவே தளர்ந்த இதயத்தால் முடியாது. கால் வீக்கமும் மூச்சுத்திணறலும் மிகுந்து, வைத்தியசாலையில் மீண்டும் மீண்டும் அனுமதிக்கப்படும் நிலை இவர்களிடம் கூடுதலாக ஏற்படுகிறது.

காரணம் ஒன்றல்ல. இதயச் செயலிழப்போடு சிறுநீரகமும் பழுதுபட்டால், செங்குருதிக் கலங்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபொயற்றின் என்ற ஓமோன் குறைகிறது. நாட்பட்ட அழற்சியால் இரும்பின் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் என்ற ஓமோனை ஈரல் கூடுதலாகச் சுரக்க, உணவிலுள்ள இரும்பு குடலைத் தாண்டி உள்ளே வரமுடியாமலும், உடலின் சேமிப்பிலுள்ள இரும்பு வெளியே வரமுடியாமலும் போகிறது. உடலில் நீர் தேங்கிக் குருதி ஐதாவதாலும் ஈமோகுளோபின் குறைந்து தெரியலாம்.

ஆண்களுக்கு டெசிலீற்றருக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் குருதிச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஆனால் ஈமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பு குறைந்திருக்கலாம். இதயத்தசைக் கலங்களில் சக்தியை உருவாக்கும் இழைமணிகளுக்கும் இரும்பு தேவை என்பதால் அப்போதும் களைப்பு வரும். ஆகவே இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றினும், குருதியில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்பெரின் என்ற புரதம் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பதைக் காட்டும் டிரான்ஸ்பெரின் நிரம்பல் விகிதமும் பார்க்கப்படவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்நோயாளிகளில் பெரிற்றின் லீற்றருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் குறைந்தாலோ, 100 முதல் 299 வரை இருந்து நிரம்பல் 20 வீதத்துக்குக் குறைந்தாலோ இரும்புக் குறைபாடாகக் கொள்ளப்படுகிறது. அழற்சியின்போது பெரிற்றின் தானாகவே உயர்வதால்தான் எல்லை இவ்வளவு மேலே வைக்கப்பட்டுள்ளது.

சிகிச்சையில் பலர் முதலில் நினைப்பது இரும்புக் குளிசையைத்தான். இதயத்தின் சுருங்கும் வலு குறைந்த நோயாளிகளில் 2017இல் வெளியான ஆய்வொன்றில், பதினாறு வாரம் குளிசை எடுத்தும் உடலுழைப்புத் திறன் கூடவில்லை. மாறாக, நாளத்தினூடாக ஏற்றப்படும் இரும்பு களைப்பைக் குறைத்து நடைதூரத்தைக் கூட்டியதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. குருதிச்சோகை இல்லாதவர்களுக்கும் அந்தப் பயன் கிடைத்தது. எரித்ரோபொயற்றின் வகை ஊசியோ, 2013இல் வெளியான பெரிய ஆய்வில், மரணத்தைக் குறைக்காததோடு குருதி உறைகட்டிகளையும் கூட்டியது. "இரத்தம் ஏத்தினால் சரிவரும்" என்று நம் ஊரில் சொல்வார்கள். தளர்ந்த இதயத்துக்கு அந்த மேலதிகக் கனவளவே சுமையாகிவிடக்கூடும் என்பதால், வைத்தியர்கள் அதை மிகுந்த அவதானத்தோடுதான் செய்வார்கள்.

உணவைப் பற்றியும் ஒன்று. இரத்தம் ஊறும் என்று அன்போடு கருவாட்டைக் கொடுக்கிறோம். அதிலுள்ள உப்பு இந்நோயாளிக்குக் கேடு. பச்சை மீனும் முருங்கையிலையும் தேசிக்காய்ப் புளியும் போதும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும்.

அஸ்பிரின் அல்லது குருதி உறையாமைக்கான குளிசை எடுப்பவருக்கு மலம் கறுத்துப் போனால், குடலில் குருதி கசிகிறதோ என்று உடனே பார்க்கவேண்டும். இரும்புக் குளிசையாலும் மலம் கறுக்கும் என்பதால், எந்தெந்தக் குளிசைகளை எடுக்கிறார் என்பதையும் வைத்தியரிடம் சேர்த்தே சொல்லுங்கள்.