கால் உளைச்சல் என்று மட்டும் சொன்னால் பெனடோல்தான் கிடைக்கும்

நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து எடுத்தவர் இராத்திரி "கால் உளையுது" என்றால், வேலைக் களைப்பு என்றுதான் எவரும் நினைப்பார்கள். டொக்டரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள்: படுத்தாலோ உட்கார்ந்தாலோ காலுக்குள் ஏதோ ஊருவதுபோல் இருக்கிறது, ஆட்டாமல் இருக்க முடியவில்லை, எழுந்து நடந்தால் விட்டுவிடுகிறது, பொழுது சாய்ந்தால் கூடுகிறது. ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து போக முடியாமல் தவிக்கிறீர்களா, அதையும் சொல்லுங்கள். இப்படி இருந்தால் அது 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்' (அமைதியற்ற கால்கள்) என்ற நோயாக இருக்கலாம். கெண்டைக்கால் பிரண்டு கல்லாக இறுகுவது வேறு சங்கதி.

உடம்பில் இரும்புச்சத்துக் குறைந்தாலும் இந்தத் தொல்லை வரலாம். அதைப் பார்க்க இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் மட்டும் போதாது. உடம்பில் சேமித்துள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் கேட்டு எழுதி வாங்குங்கள். காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுப்பது நல்லது. காய்ச்சல், தொற்று இருக்கும்போது எடுத்தால் எண் பொய்யாக உயர்ந்து நிற்கும். பலர் ஏமாறுவது ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான். ஃபெரிட்டின் 30 என்று வந்தால் 'நோர்மல்' என்றே அதில் இருக்கும். ஆனால் இந்த நோய்க்கு 75 வரை இருந்தாலே இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பதுதான் முறை. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்களுக்கு உடம்பில் இரும்பு ஏற்கெனவே மிஞ்சியிருக்கலாம் என்பதால், கேட்காமல் குளிசையைத் தொடங்க வேண்டாம்.

200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட் குளிசையில் உண்மையான இரும்பு ஏறக்குறைய 65 மில்லிகிராம்தான். அதையும் உடம்பில் ஏறவிடாமல் கெடுப்பது நம்முடைய தேத்தண்ணி. சாயத்திலுள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பால் சேர்த்தால் பரவாயில்லை என்று எண்ண வேண்டாம். குளிசைக்கு ஒரு மணி நேரம் முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் தேத்தண்ணி கூடாது. விடிகாலையில் கோப்பையோடுதான் கண் விழிப்போம் என்பவர்கள், படுக்கப் போகும்போது அரைத் தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு குளிசையைப் போடலாம். வயிறு எரிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று கேளுங்கள்; பலருக்கு அதுவே போதும். மலம் கறுத்துப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. குளிசைப் போத்தல் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. இரும்பு அளவு மிஞ்சினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினை மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு.

சளிக்கு வாங்கும் குளோர்பெனிரமின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட், நித்திரைக்கென்றே எழுதப்படும் அமிட்ரிப்டிலின் மூன்றும் கால் ஊருவதைக் கூட்டலாம். தானாக நிறுத்தாமல், கிளினிக் கொப்பியைக் காட்டி மாற்று மருந்து கேளுங்கள்.

படுக்கும்முன் பேசினில் சூடுதண்ணீர் ஊற்றிக் காலை வைப்பதும் கெண்டைக்காலை நீவுவதும் அந்த இரவுக்கு உதவும். சாராயம் குடித்தால் நித்திரை வரும், கால் அடங்காது.

இவற்றுக்கும் மிஞ்சினால் மருந்து. பிரமிபெக்ஸோல் முதலில் அற்புதமாக வேலை செய்யும். மாதங்கள் போகப் போகப் பலருக்குத் தொல்லை பின்னேரமே தொடங்கும், கைக்கும் ஏறலாம். அப்போது அளவைக் கூட்டுவது எரிகிற அடுப்பில் விறகு வைப்பது மாதிரி. இப்போது முதலில் எழுதப்படுவது கபாபென்டின், பிரெகாபலின் வகைதான். இவை தலையைச் சுற்றவைக்கும், சாராயத்தோடு சேரவே கூடாது. நடுச்சாமத்தில் லயத்து வாசற்படி இறங்கிக் கக்கூசுக்குப் போகிறவர்கள், கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு டோர்ச்சோடு எழும்புங்கள்.