61.2 கிலோவுக்கு எட்டு வாரம்

ஜூலை 21, திங்கள்
குத்துச்சண்டையில் லைட்வெயிட் எடைப்பிரிவின் எல்லை 135 பவுண்டு, அதாவது 61.2 கிலோ. போட்டிக்குத் தயாராகும் தம்பி இன்று காலை 66. இறக்க வேண்டியது 4.8. இதில் மூன்று கிலோ சாப்பாட்டிலும் ஓட்டத்திலுமே போய்விட வேண்டும். கடைசி இரண்டு நாளில் தண்ணீராக இறக்குவது உடல் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கைத் தாண்டினால் வளையத்தில் கால் கனக்கும். தராசைச் சிமெண்டுத் தரையில் வைத்து, காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில் நிற்க வேண்டும். ஜிம்மின் ரப்பர் விரிப்பில் வைத்தால் எண் மாறும்.

ஆகஸ்ட் 6
காப்பிக்கடை மீன் சூப்தான் தம்பிக்குச் சரியான மதியச் சாப்பாடு. இப்போது சாற்றையும் குடிக்கலாம், வியர்வையில் போகும் உப்பு திரும்ப வேண்டும். போட்டி வாரத்தில் சாற்றை விட்டு மீனும் கீரையும் மட்டும். உப்பு உடம்பில் தண்ணீரைத் தேக்கும். சோறு பயிற்சியை ஒட்டி, கையளவு. சிங்கப்பூர் தேக்காவில் இட்லி சாப்பிடட்டும், பரோட்டா பக்கம் போக வேண்டாம். பால், சர்க்கரை இல்லாத கோப்பி ஓ கோசோங் போதும்.

ஆகஸ்ட் 20
பிளாஸ்டிக் வியர்வைச் சட்டை போட்டுக் காலாங்கில் ஓடுவதை உடனே நிறுத்தச் சொல்லியாயிற்று. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் கொஞ்சம்தான் ஆவியாகும், மீதி சொட்டும். சட்டைக்குள் அந்தக் கொஞ்சமும் ஆவியாகாது. எடை குறையும், உடல் சூடு ஏறிக்கொண்டே போகும். 1997இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கப்போய் இறந்தார்கள். அதன்பின் அங்கே கல்லூரிப் போட்டிகளுக்கு இந்தச் சட்டை தடை.

ஆகஸ்ட் 29
ஸ்பாரிங்குக்கு, அதாவது பயிற்சி மோதலுக்கு, 16 அவுன்ஸ் கையுறை, போட்டியில் 8. கடைசிப் பத்து நாள் ஸ்பாரிங் கிடையாது.

நான்கு சுற்றில் தொடங்கி ஆறு, எட்டு, பத்து என ஏறும் இந்தத் தொழிலில், போட்டிக்கு ஆள் தேடுபவர்கள் இரண்டு வார அவகாசத்தில் கூப்பிடுவார்கள். சும்மா இருக்கும் காலத்திலும் 64ஐ ஒட்டி இருப்பவரால்தான் ‘சரி’ என்று சொல்ல முடியும். 70க்குப் போய்த் திரும்புகிறவர் சூப்பர் லைட்வெயிட்டுக்கு, அதாவது 63.5 கிலோவுக்கு, மாறிவிடுவதே நல்லது.

செப்டம்பர் 11
காலை 62.4. இரவுச் சாப்பாடு சிறிது, தண்ணீர் மிடறு மிடறாக.

1982 நவம்பரில் லாஸ் வேகாசில் ரே மான்சினியுடன் லைட்வெயிட் பட்டத்துக்கு மோதிய கொரிய வீரர் கிம் டுக் கூ, 14ஆவது சுற்றில் விழுந்து சில நாளில் இறந்தார். எடையை எட்ட அவர் பட்ட பாடும் பிறகு பேசப்பட்டது. பட்டப் போட்டிகள் 15 சுற்றிலிருந்து 12ஆகக் குறைந்தது அந்தச் சாவுக்குப் பிறகுதான். நீர் வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்குவது ஆபத்து. எடை பார்ப்பதை முந்தைய நாளே முடிப்பது, இடையில் உடம்பு தேறத்தான்.

செப்டம்பர் 12, வெள்ளி
அதிகாரபூர்வத் தராசில் முன்கூட்டியே ஏறிப் பார்த்தோம். நம் தராசைவிட 100 கிராம் கூடக் காட்டியது. எடை பார்க்கும்போது 61.1.

இறங்கியதும் உப்பு சர்க்கரைக் கரைசல் அரை லிட்டர், பிறகு இருபது நிமிடத்துக்கு ஒரு குவளை. தண்ணீராகப் போன ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். வெறும் தண்ணீரை மொத்தமாகக் குடித்தால் சிறுநீராகவே போய்விடும். முதலில் கஞ்சி, வாழைப்பழம். இரண்டு மணி நேரம் கழித்துச் சோறும் கோழியும். பிரியாணி போட்டிக்குப் பிறகு. நாளைக் காலை தலைவலியோ தலைச்சுற்றலோ இருந்தால் போட்டி மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று தம்பியிடம் சொல்லிவிட்டோம்.