ஐந்தாம் எண் வீட்டுக்கு ஒரு நினைவுப் பலகை

டப்ளினில் ராத்மைன்ஸ் பகுதியில் நான் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓவியர் வால்டர் ஆஸ்போர்ன் பிறந்த வீட்டில் நினைவுப் பலகை பதிக்கக் கேட்டு நகர மன்றத்துக்குப் போட வேண்டியது. வீட்டுக்காரரின் சம்மதக் கடிதத்தை அவரே வாங்கிவிட்டிருந்தார். "மிச்சத்தை நீங்க எழுதிடுங்க" என்றார். ஒரு சாயங்கால வேலைதானே என்று நினைத்தேன். நான்கு மாதம் இழுத்தது.

இறந்து 20 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்பது ஒரு விதி. ஆஸ்போர்ன் 1903இலேயே நிமோனியாவில் போய்விட்டார், 43 வயதில். ஆக, அதில் சிக்கல் இல்லை. டப்ளினுக்கு அவர் செய்தது என்ன என்ற கேள்வியில்தான் சறுக்கினேன். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் படித்தது, பிரான்சின் பிரிட்டனியில் வரைந்தது, 1900இல் சர் பட்டம் வேண்டாம் என்று சொன்னது என இரண்டு பக்கம் அளந்துவிட்டிருந்தேன். அம்மா பென்சிலால் முக்கால்வாசியை அடித்துவிட்டு, "இதுல எங்க ஊர் எங்கே?" என்று கேட்டார்.

மறுநாள் தேசிய ஓவியக்கூடத்துக்குப் போனேன். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. 1895 வாக்கில் அவர் வரைந்த டப்ளின் பூங்கா ஓவியம் முன்னால் வெகுநேரம் நின்றேன். ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஏழை ஜனங்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண். இலைகளுக்கு நடுவே வெயில் சல்லடையாக விழுகிறது. ஒருவரும் நம்மைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பேட்ரிக் தெரு மீன் சந்தையையும் இதே மனிதர்தான் வரைந்தார். பணக்காரர்களின் உருவப்படங்கள்தான் அவருக்குச் சோறு போட்டன; ஆனால் ஊர் இருப்பது இந்தப் படங்களில். அதை ஒரு பக்கத்தில் எழுதினேன். பென்சில் படவில்லை.

அப்புறம் வந்தது உண்மையான தலைவலி: அவர் காசில்வுட் அவென்யூ 5ஆம் எண் வீட்டில் இருந்தார் என்பதற்கு ஆதாரம். மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தால் போயிற்று என்று நினைத்தேன். அம்மா சிரித்தார். 1821 முதல் 1851 வரையிலான ஏடுகளில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் நீதிமன்ற வளாகமான ஃபோர் கோர்ட்ஸில் பிடித்த தீயில் சாம்பலாகிவிட்டதாம். 1861, 1871 கணக்குகளை அரசே அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்ச் சமயத்தில் காகிதக் கூழாகிவிட்டன. முழுதாக மிஞ்சும் முதல் கணக்கு 1901இல் எடுத்தது. ஆஸ்போர்ன் பிறந்ததோ 1859இல்!

பியர்ஸ் தெருவில் இருக்கும் நகர நூலக ஆவணக் காப்பகத்துக்கு நடையாய் நடந்தேன். அங்கே தாம்ஸ் டைரக்டரி ஆண்டு ஆண்டாக அடுக்கியிருக்கிறது. தெருவாரியாக வீட்டு எண், குடியிருப்பவர் பெயர், வீட்டின் வரி மதிப்பு எத்தனை பவுண்ட் என்பது வரை பொடி எழுத்தில் இருக்கும். பூதக்கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள். குடும்பத் தலைவர் பெயரைத்தான் போடுவார்கள். ஆகவே மகனை விட்டுவிட்டு அப்பா வில்லியமைத் தேட வேண்டும். அவரும் ஓவியர்தான், நாய்களையும் குதிரைகளையும் வரைந்தவர். மகனுக்கு, அயர்லாந்தின் ஓவியர் சங்கமான ராயல் ஹைபர்னியன் அகாடமியின் கண்காட்சிக் கேட்லாகுகளைப் புரட்டினேன். ஓவியர் பெயரோடு முகவரியும் அதில் அச்சாகியிருக்கும். அகாடமிக் கட்டடமே பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்த 1916 கிளர்ச்சியில், உள்ளே நடந்துகொண்டிருந்த கண்காட்சியோடு எரிந்துபோனது. கேட்லாகுகள் மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டன.

நகல்களை வரிசைப்படி அடுக்கி உறையில் போட்டு, ஒட்டும் முன் அம்மாவிடம் காட்டினேன். முதல் பக்கத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். பிறந்த ஆண்டு 1959, இறந்த ஆண்டு 1903 என்று தட்டச்சு செய்திருந்தேன்.